பச்சோந்திக்கு இரவுக் குளிர் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்நாடுகளில் பச்சோந்தி வளர்ப்போர் அதன் கூண்டை இரவும் பகலும் ஒரே சூட்டில் வைத்து, மணிக்கொரு முறை தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று தங்கள் வார இணைப்பில் ஒரு குறிப்பு வெளிவந்திருந்தது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டதுதான் என்றாலும், அதன்படி நடந்தால் அந்த உயிர் நோயில் விழவே வாய்ப்பு அதிகம் என்பதை, கால்நடை மருத்துவனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் பிள்ளைகள் குடியேறிய குடும்பங்கள் பல உண்டு. பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கும் பிராணியைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, அங்கே ஆறு மாதம் தங்கப் போகும் ஐயாவுக்கும் ஆயாவுக்கும்தான் வந்து சேர்கிறது.

அங்கே கடைகளில் அதிகம் கிடைப்பவை மூன்று இனங்கள்: ஏமனையும் தென்மேற்குச் சவூதியையும் சேர்ந்த வெய்ல்டு பச்சோந்தி, மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தி, கென்யா, தான்சானியா மலைகளின் ஜாக்சன் பச்சோந்தி. ஜாக்சன் வாழும் மலைச்சரிவுகளில் பகலில் வெயில் காய்ந்தாலும் இரவில் நன்றாகக் குளிரும்; மூடுபனியும் இறங்கும். வெய்ல்டு இனமும் இரவுக் குளிரைத் தாங்கக்கூடியதே. கடலோரத் தாழ்நிலத்துப் பாந்தருக்கு மட்டும் சற்றுக் கூடுதல் வெதுவெதுப்பு வேண்டும். ஆக, குளிர்நாட்டு வீட்டின் இரவுக் குளுமை இவற்றுக்குப் பகையன்று. அங்கே உண்மையான பகை வறட்சி.

அந்த வறட்சி வெளியிலிருந்து வருவதைவிட, வீட்டைச் சூடாக்குவதால் வருவதே அதிகம். 0 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியையே தாங்கும். அதே காற்றை உள்ளே கொண்டுவந்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் 19 கிராம் வரை தாங்கக்கூடியதாகிவிடுகிறது. நீராவி கூடவில்லை, கொள்ளளவு மட்டும் கூடியது என்பதால் ஈரப்பதம் கால் பங்காகக் குறைகிறது. வெளியே உறைநிலைக்கும் கீழே போகும் நாள்களில் இது இன்னும் மோசம். நம்மவர்கள் அங்கே போனதும் உதடு வெடித்து, மூக்கு எரிகிறது என்று தொலைபேசியில் புலம்புவது இதனால்தான்.

இதற்குத் தீர்வு, வெப்பத்தையும் ஈரத்தையும் ஒரே நேரத்தில் கொட்டாமல் பொழுதுவாரியாகப் பிரித்துக் கொடுப்பதே. பகலில் விளக்கின் கீழ் ஒரு கிளை மட்டும் 29 டிகிரி அளவில் இருந்து, மற்ற இடங்கள் குளுமையாக இருந்தால், பிராணி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். வெய்ல்டு இனத்துக்குப் பகல் ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காடு போதும். விளக்குகளை அணைத்த பின் 18 டிகிரி வரை இறங்கவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகு பனிமூட்டக் கருவியை ஓடவிட்டு, ஈரப்பதத்தை 80 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தலாம். அறை 15 டிகிரிக்கும் கீழே போனால் மட்டும், ஒளி விடாத பீங்கான் சூடாக்கியை, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்துப் பயன்படுத்த வேண்டும். சிவப்பு, நீல இரவு விளக்குகள் அதன் தூக்கத்தைக் கெடுக்கும்.

வலைக்கூண்டில் ஈரம் நிற்காது என்பதற்காக நான்கு புறமும் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடுவோர் உண்டு. அது தவறு. சூடும் ஈரமும் தேங்கிய காற்றில்தான் நுரையீரல் தொற்று வருகிறது. தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது அதன் அடையாளம். செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தின் வழியே வெக்கை மேலேறிப் போக, சன்னல் வழியே புதுக்காற்று உள்ளே வருவதைப் போல, கூண்டிலும் மூன்று பக்கம் மூடி, முன்புறம் கீழே ஒரு திறப்பும் மேலே வலையும் விட்டால் ஈரமும் நிற்கும், காற்றும் நகரும்.

பச்சோந்தி பொதுவாகக் கிண்ணத்தில் தேங்கிய நீரைக் குடிக்காது. விடியற்காலையில் மணிபிளாண்ட் இலை நுனியில் திரளும் துளியை, ஒரு கண்ணை அதன்மேலும் மறு கண்ணை நம்மேலும் வைத்துக்கொண்டு, நிதானமாக நக்கும். விளக்கு எரியும் முன் சில நிமிடத் தெளிப்பும், பகலில் சொட்டுநீரும் போதும். மணிக்கொரு முறை தெளித்தால் இலைகள் உலர நேரமின்றிப் பூஞ்சைதான் வளரும். எச்சத்தோடு வரும் வெண்ணிறக் கட்டி ஆரஞ்சு நிறமானாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ நீர்ச்சத்துக் குறைந்துவிட்டது என்று பொருள். பனிமூட்டக் கருவியை அடிக்கடி கழுவி, அதில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும்.

புற ஊதா ‘பி’ விளக்கைக் குறிப்பு அடியோடு விட்டுவிட்டது. சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும் என்பதால், குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் இருக்கும் பிராணிக்கு இவ்விளக்கின்றி எலும்பு மெலியும்.

இறுதியாக, குறிப்புடன் அச்சான படத்தில் இருப்பது, வெய்ல்டு இனத்துக்குரிய உயர்ந்த கொண்டை இல்லாத நம் நாட்டுப் பச்சோந்தி. அதைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் பக்கத்துக் கருவேலங்காட்டில் அது அகப்படும் என்பதால், படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் தேடிக் கிளம்பும் முன் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்,
தேவகோட்டை