கீலுக்கு அவசரப்படாதே, மாப்ளே

மாதுங்கா, மும்பை
மே கடைசி வாரம்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

அந்தப் பழைய பாய்ப்படகை வாங்கியே விட்டாயாமே! வாத்தியார் போனில் சொன்னார். துறைமுகத்தில் நீ போட்ட சபதத்தை நாங்கள் யாரும் நம்பவில்லை, ஜெயித்துவிட்டாய். ஆனால் கீலை, அதாவது படகு கவிழாமல் அடியில் கனமாகத் தொங்கும் அந்த இரும்பை, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அடுத்த வாரமே ஆன்டிஃபவுலிங் (பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட்) அடிக்கப் போகிறாய் என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

மழைக்கு முன்னால் இங்கே படகுகளைக் கரையேற்றுகிறார்கள். கொலாபாப் பக்கம் ஒன்றின் வார்ப்பிரும்புக் கீலைப் பார்த்தேன். பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிக் கிடக்கிறது. சுரண்டினால் பட்டை பட்டையாக வருகிறது, அடியில் ஈரத் துரு. பெயின்ட் நல்ல பெயின்ட்தான். உப்பைக் கழுவாமல் மேலே பூசிவிட்டார்கள். உள்ளே மாட்டிய உப்பு, பெயின்ட் வழியாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அது பூச்சைத் தூக்கிவிடும்.

கம்பி பிரஷ் துருவைப் பளபளப்பாக்கும், குழிக்குள் இருப்பதைத் தொடாது. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, கிரிட் பிளாஸ்டிங் செய்யச் சொல், கரடான துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சித் துருவை எடுப்பார்கள். இரும்பு எவ்வளவு சுத்தமாக வேண்டும் என்பதற்கு எஸ்.ஏ. 2.5 என்று ஒரு தரம் உண்டு, அதைக் கேள், அவர்களுக்குப் புரியும். முடித்த கையோடு, அன்றைக்கே, எபாக்ஸி பிரைமர், அதாவது இரும்பைப் பிடித்து மூடும் முதல் பூச்சு, ஏற வேண்டும். கடல்காற்றில் ஒரு ராத்திரி வெறும் இரும்பாக நின்றால் செந்துரு படர்ந்துவிடும், பிளாஸ்டிங் காசு தண்டம். ஓரங்களில் பெயின்ட் மெலிந்துதான் நிற்கும், அங்கே பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் கொடு. எபாக்ஸி எல்லாம் சேர்ந்து 300 மைக்ரான் (0.3 மில்லிமீட்டர்) கனமாவது வரட்டும். ஆன்டிஃபவுலிங் அதற்கு மேல்தான். அதில் செம்பு இருக்கிறது மாப்ளே! வெறும் இரும்பில் பட்டால் கடல்தண்ணீரில் செம்பு பிழைக்கும், இரும்பு அரித்துப் போய்விடும்.

காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெயின்ட் டப்பாவையே திறக்காதே. ஜூன் பிறந்தால் மும்பையில் வெட்டவெளியில் இந்த வேலை நடக்காது. தூத்துக்குடிக்குத் தென்மேற்கு மழை எட்டிப் பார்ப்பதோடு சரி, அக்டோபர் வரை உனக்கு நேரம் கிடக்கிறது. பிறகு என்ன அவசரம்? புழுதிக் காற்றுக்குத் தார்ப்பாய் மட்டும் கட்டிக்கொள். துத்தநாக ஆனோடு (இரும்புக்குப் பதில் தான் அரிபடும் கட்டி) இருந்தால் அதன்மேல் பெயின்ட் படக் கூடாது, மூடினால் அது வேலை செய்யாது.

இன்னொன்று. கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்றிரண்டையாவது கழற்றிப் பார்க்காமல் படகை இறக்காதே. பூச்சு போனால் மறுபடி பூசலாம். கடலில் கீல் கழன்றால் படகு கவிழ்ந்துவிடும். அதில் பிள்ளைகளை ஏற்றப் போகிறவன் நீ.

கீலும் படகும் சேரும் இடத்தை வெயிலில் படம் எடுத்து இன்றே அனுப்பு. அங்கே துருநீர் வழிந்த கோடு தெரிந்தால் பெயின்ட் பேச்சை ஓரம் கட்டிவிட்டு முதலில் போல்ட்டைப் பார்ப்போம். வாத்தியாரிடம் என் பாக்கியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பம்பாய்க்காரன்