வாட்ச்சோடு தண்ணீரில் இறங்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "30 மீட்டர்னு போட்டிருக்கே, நான் ஆறடித் தண்ணீரில்தானே நீந்தினேன்?" உள்ளே நீர் புகுந்த வாட்ச்சைக் கொண்டுவருபவர்கள் பலரும் கேட்பது இதுதான். அவர்கள் மேல் தவறில்லை, எழுதியிருந்ததை நம்பினார்கள். அதனால்தான் இந்த மடல்.

அந்த மீட்டர் நீங்கள் இறங்கலாம் என்கிற ஆழம் அல்ல. வாட்ச் புதிதாக இருந்தபோது, அசையாத நிலையில் தாங்கிய அழுத்தம். 10 மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). நீந்தும்போது கை வீசுவதால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும் என்று சொல்வதுண்டு. அது சரியல்ல. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கை வீசினாலும் கூடுவது 20 சென்டிமீட்டர் ஆழத்தின் அழுத்தம்தான்.

அப்புறம் ஏன் தண்ணீர் புகுகிறது? பின்மூடியிலும் கிரவுனிலும் (நேரத்தை மாற்றத் திருகும் பக்கவாட்டுக் குமிழ்) இருக்கும் ரப்பர் வளையங்களுக்கு வயதாகிறது. சமீபத்தில் ஒரு தங்க வாட்ச்சைத் திறந்தோம். வெளியே ஒரு கீறல் கிடையாது. உள்ளே இருந்த வளையமோ இடுக்கியால் தொட்டதும் காய்ந்த சுள்ளி மாதிரி ஒடிந்தது. தேதிச் சக்கரத்துக்குப் பக்கத்துத் திருகில் துரு. பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் கருத்தை நேராகச் சொல்கிறோம். 30 மீட்டர் என்றால் மழைத்தூறல், கை கழுவுவது, அவ்வளவுதான். 50 மீட்டர் வாட்ச்சில் நீந்தலாம் என்பார்கள். விலை உயர்ந்த வாட்ச் என்றால் நாங்கள் வேண்டாம் என்போம். 100 மீட்டரும் திருகி மூடும் கிரவுனும் இருந்து, வளையங்களும் நன்றாக இருந்தால் தாராளமாக நீந்துங்கள். டைவிங் வாட்ச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரத்தில் ஒவ்வொரு வாட்ச்சையும், எழுதியிருப்பதைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். ஆழ்கடலுக்கு அதுதான் சரி.

எந்த வாட்ச்சானாலும் வெந்நீர்க் குளியலும் நீராவி அறையும் ஆகாது. சூட்டில் உலோகம், கண்ணாடி, ரப்பர் மூன்றும் ஒரே அளவில் விரிவதில்லை. தண்ணீருக்குள் கிரவுனையோ பொத்தான்களையோ தொடாதீர்கள். கடலில் குளித்தால், கிரவுன் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, பேட்டரி மாற்றினால் அப்போதும், சோதனைக்குக் கொண்டு வாருங்கள். முதலில் காற்றழுத்தத்தில் பார்ப்போம். பிறகு வாட்ச்சைச் சுமார் 45 டிகிரிக்குச் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு துளி குளிர்ந்த நீர் விடுவோம். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால், உள்ளே ஈரம் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கண்ணாடிக்கு அடியில் பனிபோலப் படியும். நீங்களும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

கண்ணாடிக்குள் மூட்டம் தெரிந்தால் வெயிலில் வைத்துக் காயவிட வேண்டாம். அன்றைக்கே கொண்டு வந்துவிடுங்கள். துரு பிடிக்கும் முன் திறந்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

அன்புடன்,
பழுதுபார்ப்புப் பிரிவு