தானியேல் பதினோராம் அதிகாரம் பற்றி நண்பருக்கு

அன்பு நண்பருக்கு,

கண் அறுவை நலமாக முடிந்தது. படிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே உங்கள் கடிதத்தையும் தானியேல் புத்தகத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அது பாபிலோன் சிறையிருப்புக் காலத்திலேயே தானியேல் எழுதியது என்கிறீர்கள் நீங்கள்; சிரிய அரசன் அந்தியோகஸ் யூதரை ஒடுக்கிய கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்கிறேன் நான்.

அந்தப் புத்தகத்தில் பாபிலோன் அரசனாக வரும் பெல்ஷாத்சார் விஷயத்தில் நான் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். கிரேக்க வரலாற்றாசிரியர்கள் பெயர்கூடக் குறிப்பிடாத அவன், பாபிலோனின் கடைசி அரசன் நபோனிதின் மகன் என்பதை 1854இல் கிடைத்த களிமண் உருளைகள் காட்டிவிட்டன. ஆனால் அதே புத்தகம் கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேஸ் கைப்பற்றிய பாபிலோனை, எந்தப் பாபிலோனியப் பதிவிலும் காணப்படாத மேதியனாகிய தரியுவிடம் கொடுக்கிறது. பழைய நினைவு ஒன்று தப்பிப் பிழைத்திருப்பதால் புத்தகமே அக்காலத்தில் எழுதப்பட்டது என்றாகிவிடாது. சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த தானியேல் பிரதிகளும் அப்படித்தான்: அவற்றுள் மிகப் பழையது கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பது, புத்தகம் அதற்குள் இருந்தது என்று மட்டுமே சொல்லும்.

என்னை அசைப்பது பதினோராம் அதிகாரம். தென்றிசை ராஜாவும் வடதிசை ராஜாவும், அதாவது எகிப்தின் தாலமிகளும் சிரியாவின் செலூக்கியரும், செய்த போர்களையும் திருமண உறவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, கி.மு. 167இல் செலூக்கிய அரசன் அந்தியோகஸ் எப்பிபானஸ் எருசலேமில் அன்றாட பலியை நிறுத்தி ஆலயத்தில் ‘பாழாக்கும் அருவருப்பு’ எனப்படும் அந்நிய பலிபீடத்தை வைத்தது வரை பிசகாமல் செல்லும் அந்தச் சித்திரம், நாற்பதாம் வசனத்தில் திடீரென்று தடம் மாறுகிறது. அந்த ராஜா எகிப்தை வென்று, கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே கூடாரமிட்டு முடிவடைவான் என்கிறது, அந்தியோகஸோ கி.மு. 164இல் பாரசீகத்துப் பக்கம் செத்தான். இதைப் பிடித்துக்கொண்டுதான் கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை எதிர்த்த தத்துவ அறிஞர் போர்ஃபிரி, இது நடந்த பிறகு எழுதப்பட்டது என்றார். அவருடைய வாதம் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் திருச்சபை அறிஞர் ஜெரோம் எழுதிய மறுப்பின் வழியாகத்தான் என்பது வேடிக்கை. அந்த இடத்தில் பேச்சு கடைசிக் காலத்தில் வரவிருக்கும் எதிரியான அந்திக்கிறிஸ்துவுக்குத் தாவுகிறது என்கிறீர்கள். ‘முடிவுகாலம்’ என்ற சொல் உங்களுக்குத் துணை நிற்கிறது; ‘அவனோடு’ என்று முன்சொன்ன அரசனையே சுட்டும் சொல் எனக்குத் துணை நிற்கிறது.

ஒன்பதாம் அதிகாரத்தில், எருசலேமைத் திரும்பக் கட்டும் கட்டளை முதல் எண்ணப்படும் எழுபது வாரங்களில் (ஒரு வாரம் ஏழு ஆண்டுகள்) மட்டும் என் பக்கமும் நொண்டுகிறது. எருசலேம் அழிந்த கி.மு. 586இலிருந்து எண்ணினால் முதல் ஏழு வாரங்களான 49 ஆண்டுகள் கோரேசின் காலத்தில் அழகாக வந்து நிற்கின்றன. அடுத்த 62 வாரங்களான 434 ஆண்டுகளோ, அங்கே சங்கரிக்கப்படும் அபிஷேகம் பெற்றவர் என்று நான் கொள்ளும் பிரதான ஆசாரியன் ஓனியாஸ் கொலையுண்ட கி.மு. 171ஐத் தாண்டி அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் நீண்டுவிடுகின்றன. நீங்கள் பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் ஏழாம் ஆண்டான கி.மு. 458இல் தொடங்கி, அந்த 69 வாரங்களான 483 ஆண்டுகளில் கி.பி. 26ஐ அடைந்து, அது இயேசுவின் ஊழியத் தொடக்கம் என்கிறீர்கள். கணக்கு சரி. ஆனால் அந்த ஆண்டின் கட்டளை வேதபாரகன் எஸ்றாவை எருசலேமுக்கு அனுப்பியது ஆலய வழிபாட்டுக்காகவும் நியாயப்பிரமாணத்துக்காகவும் அல்லவா? நகரத்தைக் கட்ட நெகேமியா அனுமதி பெற்றது கி.மு. 445இல். அங்கிருந்து சாதாரண ஆண்டுகளாக எண்ணினால் சிலுவையைத் தாண்டி கி.பி. 39 வரை போய்விடுகிறது. அதனால்தான் சிலர் 360 நாள் ஆண்டைக் கொண்டுவந்து கி.பி. 32இல் நிறுத்துகிறார்கள்.

மத்தேயு 24இல் இயேசு அந்த அருவருப்பை இனி வரப்போவதாகச் சொல்வதை நீங்கள் முடிவான சான்றாக வைக்கிறீர்கள். எனக்கு அது, கி.பி. 70இல் ஆலயம் எரிந்ததைக் கண்டவர்கள் பழைய சொல்லைத் தங்கள் நாளுக்கு உரியதாக மறுபடி கேட்டதையே காட்டுகிறது. அந்தியோகஸின் காலத்தவர் கேட்டது பொய்யென்று அதற்குப் பொருளில்லை.

எஸ்றாவின் கட்டளையில் நகரத்தைக் கட்டுவது எங்கே வருகிறது என்று வசனத்தோடு எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்