சிவா போனது அந்தமானுக்கு அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூலை 23, சுப்பிரமணிய சிவா நினைவு நாளையொட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் 'அந்தமான் சிறையில் வாடிய சிவா' என்று ஒரு வரி இருக்கிறது. பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது இத்தகைய வரிகளைத்தான். சிவா அந்தமானுக்குப் போகவே இல்லை. அவர் இருந்தது திருச்சியிலும் நம் சேலத்திலும்.

குழப்பம் தண்டனையின் பெயரில் இருக்கிறது. ராஜத்துரோகத்துக்கான 124-ஏ பிரிவில் அன்று சிறைத்தண்டனை என்றால் அதிகபட்சம் 3 ஆண்டுதான். அதற்கு மேல் உள்ளே வைக்க வேண்டுமானால் நீதிபதிக்கு இருந்த ஒரே வழி தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடந்த தீவுக்கு நாடுகடத்தும் தண்டனை. அது ஆயுள் வரை போகலாம். 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே சிவாவுக்கு 10 ஆண்டு தீவாந்தரம் விதித்தார். பெயர் தீவாந்தரம் என்றாலும் கப்பல் ஏற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. உள்நாட்டுச் சிறையிலும் கழிக்க வைக்கலாம். வ.உ.சி. கோவையிலும் கண்ணனூரிலும் இருந்தது அப்படித்தான்.

வ.உ.சி.யின் '40 ஆண்டு' கணக்கும் இதே தீர்ப்பில் வந்ததுதான். தம் பேச்சுக்கு ஓர் ஆயுள், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள். ஆயுள் ஒன்றுக்கு 20 ஆண்டு என்று கூட்டிச் சொல்வது வழக்கம். பேசியவருக்கு 10, துணை நின்றவருக்கு அதைப்போல் இரு மடங்கு! உயர் நீதிமன்றம் பின்னர் சிவாவின் தண்டனையை 6 ஆண்டாகக் குறைத்தது. 1912 நவம்பரில் வெளியே வந்தார். தீர்ப்பு நாளிலிருந்து எண்ணினால் நான்கு ஆண்டு நான்கு மாதம்.

வயதையும் கட்டுரை விட்டுவிட்டது. சிவா பிறந்தது 1884 அக்டோபர் 4, வத்தலக்குண்டில். 1908 மார்ச் 12இல் கைதானபோது 23 வயது. தாடியும் காவியுமாக நாம் பார்க்கும் படம் பிற்காலத்தது. தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் முன் நின்று பேசியவர் இளைஞர்.

'சிறையில் ஆட்டு ரோமம் வெட்டியதால் தொழுநோய் வந்தது' என்பதும் சரியல்ல. அது ரோமத்தால் வருவதல்ல, ஒரு பாக்டீரியாவால் வருவது. தொற்றிய பிறகு வெளியே தெரியச் சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகும். ஆகவே எங்கே, எப்போது தொற்றியது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சிறை நெருக்கடியும் அரைவயிற்றுச் சோறும் உடலைக் குலைத்திருக்கும் என்பது வேறு விஷயம். அன்று மருந்தென்று இருந்தது நீரடிமுத்து எண்ணெய்தான். டாப்சோன் என்ற மருந்து வந்தது 1940களில். தொற்றுநோயாளி என்று ரயிலில் ஏறவிடாததால் மனிதர் நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போனார்.

இன்னொன்று: அவர் 'தர்மபுரி மாவட்டம்' பாப்பாரப்பட்டியில் மறைந்தார் என்பது இன்றைய முகவரிக்குச் சரி. 1925இல் அது சேலம் மாவட்டம். தர்மபுரி தனி மாவட்டமானது 1965இல். சிவா எழுப்ப முனைந்த பாரத மாதா கோயிலுக்கு வங்கத் தலைவர் சி.ஆர்.தாஸ் 1923இல் அங்கே அடிக்கல் நாட்டியது பற்றிப் பழைய ஆவணம் தேடும் மாணவர்கள், சேலம் மாவட்டக் கோப்புகளைக் கேட்க வேண்டும். தர்மபுரி என்று எழுதிக் கொடுத்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

அந்தமான் வரிக்கு மட்டுமாவது அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்.

ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்