88ஆம் சங்கீதம் தபாலில் வந்தால் வெளியிடுவீர்களா? திருச்சபை இதழ்களின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும், கிறிஸ்துமஸ் சிறப்பிதழ்ப் போட்டிகளின் நடுவர்களுக்கும்,

கவிதையும் கதையும் கேட்டு நீங்கள் அறிவிப்பு வெளியிடும்போது இரண்டு நிபந்தனைகள் அடிக்கடி தலைகாட்டும். ஒன்று, வசன ஆதாரம் (எந்த வேதவசனத்தை வைத்து எழுதியது என்ற குறிப்பு) கட்டாயம். மற்றது, முடிவு நம்பிக்கை ஊட்டுவதாக இருக்க வேண்டும். இரண்டையும் நீக்கிவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். வேதத்தின் ஜெபப்பாடல்களான சங்கீதங்களில் புலம்பல்களாக இருப்பவற்றில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்புவதில்லை. ‘எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்’ என்று இருட்டில் நின்றுவிடுகிறது. உங்கள் விதிப்படி அது முதல் சுற்றிலேயே கழிந்துபோகும். அதை வேதத்தில் வைத்தவர்கள் கீழே ஆறுதல் வரி ஒன்றை ஒட்டவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அந்த விதியால் வரும் கெடுதல் என்னவென்று கண்கூடாகப் பார்க்கலாம். இப்படி ஒரு கவிதை உங்கள் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

வறண்ட நிலத்தில் தாகமாய்
மானைப் போல ஏங்குகிறேன்;
மலரும் மலையும் உமைப் பாட
என் ஏக்கம் தீர்த்திடும் தேவா.

பிழையில்லை, ஓசையும் இருக்கிறது. ஆனால் நான்கு வரிக்குள் வறண்ட நிலம், பூந்தோட்டம், மலை என மூன்று இடம் மாறிவிட்டது; எழுதியவர் எங்கும் நிற்கவில்லை. ஏங்குகிறேன், ஏக்கம் என்று சொல் இரண்டு முறை வருகிறது, ஏக்கம் ஒரு முறையும் வரவில்லை. மானோ 42ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது. அங்கே அது நீரோடையை ‘வாஞ்சித்துக் கதறுகிறது’. தண்ணீரைக் கண்டதாக அந்த வசனத்தில் இல்லை. அந்த வரியின் வலுவே அதுதான். நம் கவிதைகளில் மான் கடைசி வரிக்குள் தண்ணீர் குடித்துவிடுகிறது.

இதைக் கழித்துவிட வேண்டாம். ஒரே ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்புங்கள்: எந்த நிலம், எந்த மாதம், எந்த வேளை? இது நம் அகப்பொருள் இலக்கணம் முதற்பொருள் என்று சொன்னதுதான். நிலமும் பொழுதும் அமைந்தால் கருப்பொருள், அதாவது அந்த இடத்து மரமும் பறவையும் தொழிலும், தானாக வரும். உரிப்பொருளை, அதாவது உள்ளத்து உணர்வை, சொல்லாமலே உணர்த்திவிடலாம். ஏக்கம் என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டுவதை அந்த மரபு பிரித்து வைத்திருக்கிறது: முல்லைக்கு இருத்தல் (காத்திருத்தல்), நெய்தலுக்கு இரங்கல் (வருந்துதல்), பாலைக்குப் பிரிதல். கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக்காலக் கவிதைக்கு வேண்டியது இருத்தல். 137ஆம் சங்கீதத்தில் இருப்பது இரங்கல். பாபிலோன் ஆற்றங்கரை, அலரிச்செடி, அதில் தூக்கிவைத்த கின்னரம். வாசிக்காத வாத்தியம் ஒன்றைக் காட்டியதும் மீதி புரிந்துவிடுகிறது.

மேலே உள்ள கவிதையை எழுதியவர் பனங்காட்டுப் பக்கத்துக்காரர் என்றால் அது இப்படித் திரும்பி வரலாம்:

மாசி பிறந்து எட்டு நாள்.
சீவிய பாளையில் ஈரமில்லை.
கலயத்தில் சுண்ணாம்பு தடவி
இன்றும் கட்டிவிட்டு இறங்குகிறார்.

கடவுள் பெயர் இல்லை, வசன எண் இல்லை. ஆனால் இது ஜெபம்தான் என்பது சபை இதழ் படிப்பவருக்குத் தெரியாமல் போகாது. இதை எழுத வேலை தெரிந்திருக்க வேண்டும். பாளையை நாள்தோறும் மெல்லிசாகச் சீவாவிட்டால் வெட்டுவாய் காய்ந்து சுரப்பு நின்றுவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஒரு வாரம் ஏறாமல் இருந்துவிட்டுப் போனவருக்குக் கலயம் நிரம்பியிருந்தது என்று ‘அற்புதம்’ எழுதினால் பனையேறிகள் சிரிப்பார்கள். கிறிஸ்துமஸ் கதையில் புதுப் பதநீர் குடிக்க வைப்பதும் அப்படித்தான். அது தை, மாசிக்கு மேல் இறங்குவது.

பனை நம் வேதத்துக்கு அந்நியமும் இல்லை. 92ஆம் சங்கீதத்தில் எபிரேய மூலம் சொல்வது பேரீச்சையை. பழைய தமிழ் மொழிபெயர்ப்போ ‘நீதிமான் பனையைப்போல் செழித்து’ என்று எழுதியது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி காப்பியத்தை நாட்டுப்படலத்தில் தொடங்கி, யூதேயாவுக்கு வயலும் வாய்க்காலும் வைத்தார். நாம் தலைகீழாகச் செய்கிறோம். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மாதத்தில் கூரையெல்லாம் வெண்பனி மூடியதாக எழுதுகிறோம். (பனி என்ற சொல்லோடு சண்டையில்லை. மார்கழிப் பனி உண்டு, தூத்துக்குடியில் பனிமய மாதாவே உண்டு. வாழ்த்து அட்டையிலிருந்து இறங்கிய பனியைத்தான் சொல்கிறோம்.)

கடலோரக் கதைகளில் காற்றுக்கும் பெயர் கேளுங்கள். கொண்டலா, வாடையா, சோழகமா, கச்சானா? ‘புயல்’ மட்டும் போதாது. ஈஸ்டர் இதழுக்கு இன்னொன்று: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 20க்கு ஈஸ்டர் வருகிற வருஷத்தில் விசைப்படகைக் கடலுக்கு அனுப்பும் கதை அந்த இடத்திலேயே உடைந்துவிடும். கரையில் கட்டிக்கிடக்கும் படகிலிருந்து தொடங்கியிருந்தால் வேறு கதை கிடைத்திருக்கும்.

சிறுகதைகளில் பெரிய நோய் மழைதான். முழங்கால் போட்டதும் இடி இடிக்கிறது. மழைக்காக ஜெபித்த எலியா தீர்க்கதரிசியின் கதையை மறுபடி படியுங்கள். வேலைக்காரன் கடல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து ‘ஒன்றும் இல்லை’ என்கிறான். ஏழாந்தரம்தான் உள்ளங்கை அளவு மேகம் ஒன்று எழும்புகிறது. நம் எழுத்தாளர்கள் முதல் ஆறு நடையை வெட்டிவிடுகிறார்கள். 1,200 சொல் கதை என்றால் 800 சொல்லை அந்த ஆறு நடைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நடையிலும் கடல் கொஞ்சம் வேறாகத் தெரிய வேண்டும், பார்ப்பவன் கொஞ்சம் வேறாகத் திரும்ப வேண்டும். மேகம் வரைக்கும் போகாமலே நிறுத்திவிட்டாலும் கதை பிழைக்கும்.

திருத்தும்போது இரண்டு சோதனை போதும். கடைசி மூன்று வரியைக் கையால் மறைத்துப் படியுங்கள். கவிதை மேம்பட்டால் அவற்றை எழுதியவரிடம் கேட்டு நீக்குங்கள், கேட்காமல் வேண்டாம். பிறகு, பூ, மலை, நதி என்ற பொதுப்பெயர்களுக்கு அடிக்கோடிட்டு, சொந்தப் பெயர் உண்டா என்று கேளுங்கள். ஒருவர் தேவன் என்று எழுதியதைக் கடவுள் என்றோ, தூய ஆவியைப் பரிசுத்த ஆவி என்றோ மாற்றாதீர்கள். அது அவரவர் ஜெபித்து வளர்ந்த சொல்.

வசன ஆதாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரைக்குக் கேளுங்கள். கவிதைக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் எண் போட்டதும் கவிதை அந்த வசனத்தின் உரையாகச் சுருங்கிவிடுகிறது.

கடைசியாகப் பக்க வடிவமைப்பு. நான்கு வரிக் கவிதை அச்சானால் பக்கத்தில் பாதி காலியாக நிற்கும். அங்கே வசனப் பெட்டியோ லீலிப் பூப் படமோ வைக்க வேண்டாம் என்று அச்சகத்துக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இதழ்களை விடாமல் படிக்கும் வாசகர்கள்