கை நேரமும் மின்னணு நேரமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாவட்டப் போட்டிகளின் 100 மீட்டர் நேரங்களை எக்செலில் ஏற்றி, மாணவரின் முன்னேற்றத்தை வரைபடமாகப் பார்க்கும் பயிற்றுநர்கள் பெருகிவருகிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் ஸ்டாப்வாட்ச் நேரத்தையும் மின்னணு நேரத்தையும் கலந்துவிட்டால் கணக்கே கெட்டுவிடும். ஸ்டாப்வாட்சை அழுத்தத் தொடக்கத்தில் கை சற்றுத் தாமதிப்பதால் கை நேரம் குறைவாகவே வரும்; அதனால் கையால் எடுத்த 11.2 விநாடியுடன் 0.24 கூட்டி, 11.44 என்று வைத்துக்கொண்டுதான் மின்னணு நேரத்தோடு ஒப்பிட வேண்டும். அதுவும் துப்பாக்கியின் புகையைப் பார்த்து ஸ்டாப்வாட்சை அழுத்தியிருந்தால்தான். முடிவுக்கோட்டில் நிற்பவருக்குச் சத்தம் வந்துசேரவே சுமார் 0.3 விநாடி ஆகும். சத்தம் கேட்டு அழுத்தினால், ஓடாத வேகம் ஏட்டில் ஏறிவிடும். ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி செய்து குறைக்கும் நேரமே பலருக்கு அதைவிடக் குறைவு.

காற்றையும் குறித்துவையுங்கள். பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக்கே ஏற்கப்படாது. காற்றுமானி இல்லையென்றால் பின்காற்றா, எதிர்க்காற்றா என்றாவது எழுதலாம்.

செல்போனில் விநாடிக்கு 240 பிரேம் வைத்து, முடிவுக்கோட்டுக்கு நேராக ஸ்டாண்டில் நிறுத்திப் படமெடுப்பது நல்லது. தலையோ கையோ அல்ல, மார்பு கோட்டைத் தொடும் பிரேமைத்தான் எடுக்க வேண்டும்.

நேரம் எடுத்த முறையையும் காற்றின் அளவையும் முடிவுப் பட்டியலில் அச்சிடுமாறு போட்டி நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

- தடகளப் பயிற்றுநர்கள் சிலர்