டிஃப் லாக் வாங்கும் முன் பலமாடி கார் நிறுத்துமிடத்தை நினைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழின் விலை, மின்வாகனம், இஆர்பி சாலைக் கட்டணம் என்று வண்டிச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் நம் இளையர்களில் ஒரு கூட்டம் பழைய லேண்ட் குரூசர், ஜிம்னி, ராங்ளர் என்று நான்கு சக்கர இயக்க வண்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு, வாரநாளில் வேலைக்கும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும், விடுமுறையில் கடற்பாலம் தாண்டி ஜோகூர் செம்பனைத் தோட்டத்து மண்சாலைகளுக்கும் அதே வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்குத் தமிழில் எழுத ஆளில்லை. இப்போது அவர்கள் கூடினால் ஓயாத பேச்சு டிஃப் லாக் எனப்படும் டிஃபரன்ஷியல் லாக்கர்தான். எது போடுவது, முன்னாலா பின்னாலா, காற்றா மின்சாரமா என்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், இடமிருந்தால் போடுங்கள்.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடினால் போதும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதுதான் ஆக்சிலின் நடுவில் இருக்கும் பற்சக்கரக் கூடான டிஃபரன்ஷியலின் வேலை. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பில்லாமல் சுழல ஆரம்பித்தால் அதற்கு எவ்வளவு சொற்பமான விசை போதுமோ அதே சொற்பம்தான் மறுபக்கத்துக்கும் போகும், அந்தப் பக்கம் கெட்டித் தரையில் நின்றாலும் வண்டி அசையாது. லாக்கர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது.

சரி, எதை வாங்குவது? எல்லாரும் கேட்கிற கேள்வி, பூட்டினால் எப்படி ஏறும் என்பது. முழுதாகப் பூட்டுகிற எந்த லாக்கரும் பூட்டிய பிறகு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பூட்டாத நேரத்தில் அது சாலையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. சிங்கப்பூரில் தினமும் ஓடுகிற வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதியைப் பூட்டாமல்தான் கழிக்கும், அதுவும் மழையில் நனைந்த விரைவுச்சாலையிலும் வீவக குடியிருப்புகளின் பலமாடி கார் நிறுத்துமிடத்துச் சுற்றுப்பாதையிலும்.

டெட்ராய்ட் லாக்கர், லாக்-ரைட் மாதிரியான தானியங்கி வகையை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் கிடையாது, வயர் கிடையாது, குழாய் கிடையாது, விலையும் மற்றதைவிடக் குறைவு. அது எப்போதும் பூட்டியே இருக்கும், வளைவில் வேகமாகச் சுற்ற வேண்டிய சக்கரத்தை மட்டும் தற்காலிகமாக விடுவிக்கும். அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி திரும்பினால் விசை முழுதும் உள்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. காலை எடுத்ததும் எஞ்சினின் இழுப்பு வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. அந்த மாற்றம் வண்டியின் பின்பகுதியில் ஒரு சின்ன உதறலாகத் தெரியும். கார் நிறுத்துமிடத்தில் மேலே ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்துக்கும் ‘டக்... டக்’ என்று பல் விட்டுப் பிடிக்கிற சத்தம் சுவரில் பட்டு எதிரொலிக்க, பக்கத்தில் நிற்பவர் ஆக்சில் உடைந்துவிட்டது என்றே நினைப்பார். சத்தத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஈரமான சாலையில், விரைவுச்சாலைக்குள் நுழைகிற வளைவில் கொஞ்சம் அழுத்தி மிதித்து உள்பக்கச் சக்கரம் வழுக்கிவிட்டால், அது சுற்றி வெளிப்பக்கத்தின் வேகத்தை எட்டியதும் இரண்டும் பூட்டிக்கொள்ளும், அப்புறம் இரண்டும் சேர்ந்தே வழுக்கும். ஜிம்னி மாதிரி நீளம் குறைந்த வண்டியில் இது கூடுதலாகத் தெரியும். அமெரிக்காவில் நீளமான பிக்கப்பில் இதைப் போட்டு வருடக்கணக்காகச் சந்தோஷமாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நம் ஊர்த் திருப்பங்களும் நம் ஊர் மழையும் வேறு.

இதற்கு நேரெதிர் ட்ரூட்ராக் போன்ற திருகுப்பல் வகை. உள்ளே தேயும் தட்டுகள் இல்லை, சத்தம் இல்லை, ஓட்டுபவர் செய்ய வேண்டியதும் ஒன்றுமில்லை, பிடிப்பு உள்ள பக்கம் விசையை அதுவாகவே தள்ளும். நனைந்த சாலையில் உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் தொங்கினால் இது கைவிட்டுவிடும். ஏனென்றால் பிடிப்பில்லாத பக்கத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச விசையை இத்தனை மடங்கு என்று பெருக்கித்தான் இது மறுபக்கத்துக்குத் தருகிறது, பூஜ்யத்தைப் பெருக்கினால் பூஜ்யம்தானே. பிரேக்கை லேசாக மிதித்தால் ஓரளவு உயிர் வரும். தோட்டத்து மண்சாலையோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இதுவே தாராளம்.

அதற்கு மேலும் போகிறேன், மழைக்காலத்தில் சிவப்புக் களிமண் மேட்டில் ஒரு பக்கச் சக்கரங்கள் ஓடைக்குள் இறங்கியிருக்க ஏற வேண்டும் என்பவர்கள், சுவிட்சில் இயங்கும் லாக்கரைத்தான் போட வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. அணைத்து வைத்தால் அது சாதாரண டிஃபரன்ஷியல், வண்டி கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே ஓடும். காற்றில் இயங்குவதில் ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி எல்லாருக்கும் தெரிந்தது. காற்றடிக்கும் கம்ப்ரெசர் வேண்டும், மெல்லிய குழாய் ஆக்சில் வரை போக வேண்டும், அந்தக் குழாயைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கட்டிவிட்டால் ஒருநாள் உருகும். உள்ளே சீல் போனால் தெரிந்துவிடும். பூட்டியிருக்கும்போது கம்ப்ரெசர் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும், ஆக்சிலின் மூச்சுக்குழாய் வழியாகக் காற்று வரும். ஆனால் அதே கம்ப்ரெசர், தோட்டத்தில் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கிய டயரை நெடுஞ்சாலை ஏறும் முன் நிரப்பிக்கொள்ளவும் உதவும், எனக்கு அதுவே பாதி லாபமாகப் படுகிறது. மின்சார வகையில் குழாய்த் தொல்லை இல்லை. ஈட்டன், ஹேராப் வகைகள் முன்னும் பின்னுமாக மாற்றி ஓட்டும்போது ஒரு கணம் விட்டுத் திரும்பவும் பூட்டும். சிக்கிய வண்டியை ஆட்டி ஆட்டி வெளியே எடுக்கும்போது அது எரிச்சலாக இருக்கும், மற்றபடி குறையில்லை.

ஒன்றுதான் போட முடியும் என்றால் பின்னால் போடுங்கள். மேடு ஏறும்போது எடை பின்பக்கம்தான் சாய்கிறது. முன்னால் பூட்டினால் ஸ்டீயரிங் திரும்ப மறுக்கும், சக்கரத்தை முழுக்கத் திருப்பி மிதித்தால் முன்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட் உடைய வாய்ப்பு அதிகம். தானியங்கி வகையை முன்னால் போடுவது, அதுவும் எப்போதும் நான்கு சக்கரமும் இயங்குகிற வண்டியில், வேண்டவே வேண்டாம்.

காசை எடுக்கும் முன் வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ராங்ளர் ரூபிகானில் முன்னும் பின்னும் லாக்கரைக் கம்பெனியே போட்டுத் தருகிறது, மெர்சிடிஸ் ஜி வகையில் மூன்று. சில பழைய லேண்ட் குரூசர்களிலும் இருக்கும், வாங்கியவருக்கே தெரியாது. புதிய ஜிம்னியில் லாக்கர் கிடையாது, ஆனால் சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்துகிற ஏற்பாடு இருக்கிறது, அதுவே நிறைய இடங்களில் ஏற்றிவிடும். டயர் சரியில்லாமல் லாக்கர் பேசுவதில் அர்த்தமில்லை.

பொருத்துவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பக்கத்து புளோக் பையன் ஒருவன் காற்று லாக்கர் கேட்டுப் போனான், பட்டறையில் கையிருப்பில் இருந்த தானியங்கி வகையை ‘அரைநாள் வேலை தம்பி’ என்று மாட்டி அனுப்பிவிட்டார்கள். அரைநாள் வேலை என்பது உண்மைதான், ஏனென்றால் தானியங்கி வகையில் லாக்-ரைட் போன்றவை பழைய கூட்டுக்குள் நடுவில் உள்ள சின்னப் பற்சக்கரங்களை மட்டும் மாற்றுகின்றன. முழு லாக்கருக்குக் கூட்டையே மாற்றி, கிரௌன் வீல் எனும் பெரிய பற்சக்கரத்தைக் கழற்றி அதில் ஏற்றி, அதைச் சுற்றவைக்கும் சின்னப் பற்சக்கரமான பினியனோடு பல்லுக்குப் பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து, பல்லில் வண்ணப் பசை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். தடம் ஓரத்தில் விழுந்தால் திரும்பவும் கழற்றி ஷிம் எனும் மெல்லிய தகட்டை மாற்ற வேண்டும். இதில் சோம்பல்பட்டால் விரைவுச்சாலையில் 80, 90 கிலோமீட்டரில் ஊளையிடும் சத்தம் வரும், அது தானாகப் போகாது. டயல் கேஜ் எங்கே என்று கேளுங்கள், காட்டாத பட்டறையிலிருந்து நடையைக் கட்டுங்கள்.

மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்பதும் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிப்பதும் முன்னாடியே செய்ய வேண்டிய வேலை, வண்டிப் பரிசோதனைக்கு முந்தைய நாள் அல்ல.

போட்ட பிறகு சும்மா விடாதீர்கள். மின்மோட்டாரில் இயங்கும் கம்பெனி லாக்கர்கள் பயன்படுத்தாமலே இறுகிப்போகும். அவ்வப்போது சரளையிலோ புல்தரையிலோ நேராக ஓட்டிப் பூட்டித் திறந்து பாருங்கள். சிமென்ட் தரையில் திருப்பியபடி பூட்ட வேண்டாம். ஆற்றில் இறங்கி வந்தால் டிஃப் எண்ணெயைத் திறந்து பாருங்கள், பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்